பாட்டின் கணக்கைப் பார்ப்பவர்: டிஜிட்டல் இசை நிர்வாகியின் தொழில்

வேலந்தாவளத்திலும் கொழிஞ்சாம்பாறையிலும் மீனாட்சிபுரத்திலும் பாட்டுக்குப் பஞ்சமில்லை. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரமான சித்தூர் வட்டத்தில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. மாரியம்மன் திருவிழா என்றால் கும்மி உண்டு. கார்த்திகை பிறந்தால் ஐயப்பன் பஜனை உண்டு. கொங்கு நாட்டில் மீண்டும் தழைத்திருக்கும் வள்ளி கும்மி எல்லையைத் தாண்டி இங்கேயும் ஒலிக்கிறது. மேட்டுப்பாளையம் பக்கத்து வள்ளி ஒயில் கும்மி ஆசான் எம். பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு இந்தக் கலையைப் பார்க்கும் கண்களே மாறியிருக்கின்றன.

இப்போது குழுக்கள் தங்கள் பாட்டை ஒலிப்பதிவு செய்து யூடியூபிலும் இசைச் செயலிகளிலும் ஏற்றுகின்றன. வளைகுடாவில் வேலை பார்க்கும் ஊர்க்காரர் வெள்ளிக்கிழமை விடுமுறையில் அதைக் கேட்கிறார். ஆனால் பாடிய அக்காவிடம் போய், "இதிலிருந்து உங்களுக்கு என்ன வந்தது?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை. பணமே வராதது ஒரு காரணம். வந்த பணம் யார் கணக்கில் விழுந்தது என்று தெரியாதது இன்னொரு காரணம். இந்த இரண்டாவதுதான் எனக்கு அதிக வருத்தம் தருவது, ஏனென்றால் அதைத் தடுத்திருக்க முடியும்.

தடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். டிஜிட்டல் இசை வணிக நிர்வாகி என்பது அவர்களுக்குப் பொதுப்பெயர். பாட்டுத் துறை என்றால் பாட வேண்டும், இசையமைக்க வேண்டும், எழுத வேண்டும் என்றே நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். தொண்டை வாய்க்காத, ஆனால் பாட்டின் மேல் உயிரை வைத்திருக்கும் ஒருவருக்கும் அங்கே நாற்காலி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் என்ன செய்கிறார், எப்படி அங்கே போய்ச் சேர்கிறார் என்பதை அடிப்படையிலிருந்து விளக்குகிறேன். பாடல் பட்டியல்களைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பதால், நாள்தோறும் கண்ணில் படுவதையே பெரிதும் சொல்கிறேன்.

ஒரு பாட்டு, இரண்டு சொத்துகள்

இந்தத் தொழிலின் வாசற்படி ஒரே ஒரு விஷயம்தான். அது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும். நாம் 'ஒரு பாட்டு' என்று சொல்வது சட்டத்தின் கண்ணில் ஒன்று இல்லை. வரிகளும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒரு பக்கம். அதை ஒருவர் பாடி, பதிவு செய்து, கேட்கும்படி ஆக்கிய ஒலிப்பதிவு மறுபக்கம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் வரிகளை இலக்கியப் படைப்பாகவும், மெட்டை இசைப் படைப்பாகவும், ஒலிப்பதிவைத் தனியாகவும் வைத்துப் பார்க்கிறது.

சித்தூர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்குக் கள் அனுப்பும் தோப்புகள் இங்கேதான் இருக்கின்றன. தென்னைக்குச் சொந்தக்காரர் ஒருவர். கள் இறக்க அந்த மரத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் வேறொருவர். ஏறி இறக்குபவர் இன்னொருவர். மரம் ஒன்றுதான், மூன்று பேருக்கும் அதில் தனித்தனிப் பங்கு இருக்கிறது. ஒருவர் பங்கை இன்னொருவர் எடுத்துக்கொண்டால் தோப்பிலேயே தகராறு வரும். பாட்டிலும் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், பதிவுக்குப் பணம் போட்டவர் என்று நான்கு பேர் நிற்கிறார்கள். தோப்பில் எல்லோருக்கும் தெரிகிற பங்கு, பாட்டில் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அதைத் தெரிய வைப்பதுதான் நிர்வாகியின் முதல் வேலை.

ஒலிப்பதிவின் உரிமை பொதுவாக அதற்குப் பணம் போட்டவரிடம், அதாவது தயாரிப்பாளரிடமோ இசை நிறுவனத்திடமோ இருக்கும். இசை நிறுவனத்தை லேபிள் என்கிறார்கள். வரிகளும் மெட்டும் அவற்றைப் படைத்தவர்களிடம் தொடங்குகின்றன. ஒப்பந்தத்தின் மூலம் கைமாறலாம். காலக் கணக்கும் இரண்டுக்கும் வேறு. ஒலிப்பதிவுக்கு அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பாதுகாப்பு. வரிகளுக்கும் மெட்டுக்கும் படைத்தவரின் வாழ்நாளும் அதன் பின் 60 ஆண்டுகளும். எனவே பழைய பதிவு ஒன்று பொதுவுடைமை ஆகிவிட்டாலும், அதிலுள்ள மெட்டும் வரிகளும் இன்னும் ஒருவருடைய சொத்தாக இருக்கலாம். 'பழைய பாட்டுதானே' என்று எடுத்துப் போட்டு மாட்டிக்கொள்பவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான்.

கும்மிப் பாட்டில் இது இன்னும் நுட்பமாகிறது. யார் எழுதியது என்றே தெரியாத மரபுப் பாட்டு யாருக்கும் தனிச்சொத்து ஆகாது. ஆனால் கொழிஞ்சாம்பாறைக் குழு ஒன்று அதைத் தன் செலவில் பாடிப் பதிவு செய்தால், அந்தப் பதிவு அவர்களுடையது. ஆசிரியர் இடையில் புதிதாக நான்கு அடி சேர்த்திருந்தால், அந்த நான்கு அடி அவருடையது. வேறொரு குழு அதே மரபுப் பாட்டைத் தன் குரலில் பாடினால் அதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. மரபு எது, புதிது எது என்று பதிவின்போதே பிரித்து எழுதி வைத்திருந்தால் பின்னால் சண்டைக்கு இடமே இருக்காது.

2012இல் இந்தச் சட்டத்தில் பெரிய திருத்தம் ஒன்று வந்தது. பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து அதற்காக உரக்கப் பேசினார். திரைப்படத்திலோ ஒலிப்பதிவிலோ இடம்பெறும் பாட்டை எழுதியவரும் இசையமைத்தவரும் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும், ராயல்டியில், அதாவது பாட்டைப் பயன்படுத்துவதற்காக வரும் பணத்தில், சமபங்கு பெறும் உரிமையை இழக்க மாட்டார்கள் என்று அந்தத் திருத்தம் சொன்னது. படத்தோடு சேர்த்துத் திரையரங்கில் காட்டுவது மட்டும் இதற்கு விலக்கு. இன்னொரு விதியும் முக்கியமானது: ஒப்பந்தம் எழுதும்போது இல்லாத, புழக்கத்துக்கு வராத ஊடகத்துக்கு, அதைக் குறிப்பிட்டுச் சொல்லியிருந்தால் ஒழிய, அந்த ஒப்பந்தம் செல்லாது. எத்தனை ஆண்டு என்று எழுதவில்லை என்றால் 5 ஆண்டு, எந்த நாடு என்று எழுதவில்லை என்றால் இந்தியா என்றே எடுத்துக்கொள்ளப்படும். கையெழுத்துப் போடும் முன் இந்த இரண்டு வரிகளும் காகிதத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வக்கீல் தேவையில்லை, கண் போதும்.

பணம் வரும் வழி

செயலியில் ஒரு பாட்டை அழுத்துகிறோம். 30 வினாடி தாண்டிவிட்டால் ஸ்பாட்டிஃபை அதை ஒரு கேட்பு என்று எண்ணுகிறது. இத்தனை பைசா ஒரு கேட்புக்கு என்று நிலையான விலை ஏதும் கிடையாது என்பதைத்தான் முதலில் மனதில் வாங்க வேண்டும். பெரும்பாலான செயலிகள் மாதச் சந்தாவையும் விளம்பர வருவாயையும் ஒரே குவியலாகச் சேர்க்கின்றன. அதில் உரிமையாளர்களுக்கு உரிய பங்கைத் தனியே எடுத்து, அந்த மாதத்தில் கேட்கப்பட்ட எல்லாப் பாட்டுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பிரிக்கின்றன. தன் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களுக்குப் போகிறது என்று ஸ்பாட்டிஃபை சொல்கிறது.

கணக்குக்காகச் சிறிய எண்களை வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் செயலிக்கு 100 ரூபாய் வருகிறது. உரிமையாளர் பங்கு 65 ரூபாய். அந்த மாதம் எல்லாப் பாட்டும் சேர்ந்து 1,000 முறை கேட்கப்பட்டன; நம் கும்மிப் பாட்டு 10 முறை. நூற்றில் ஒரு பங்கு, அதாவது 65 பைசா. அடுத்த மாதமும் நம் பாட்டு அதே 10 முறை கேட்கப்படுகிறது, ஆனால் ஒரு பெரிய படத்தின் பாடல்கள் வெளியாகி மொத்தக் கேட்பு 2,000 ஆகிவிடுகிறது, வருவாயோ அதே 100 ரூபாய். நமக்கு வருவது பாதியாகிவிடும். நம் கேட்பாளர்கள் குறையவில்லை, பாட்டும் சலிக்கவில்லை, பணம் மட்டும் குறைந்துவிட்டது. புதிதாக வருகிற கலைஞர்களுக்கு நிர்வாகி விளக்கிச் சொல்ல வேண்டிய கசப்பான உண்மைகளில் இது முதலாவது. இந்தியாவில் பெரும்பாலானோர் சந்தா கட்டாமல் விளம்பரத்தோடு கேட்பதால் குவியலே சிறியது என்பது இரண்டாவது. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில், முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 1,000 கேட்புகள் பெறாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டியே கிடையாது என்பது மூன்றாவது.

அந்த 65 பைசாவும் முழுதாக ஒருவர் கைக்குப் போவதில்லை. பெரும்பகுதி ஒலிப்பதிவின் பக்கம் போகும், சிறிய பகுதி வரிகளும் மெட்டும் இருக்கும் பக்கம். ஒலிப்பதிவுப் பங்கு, பாட்டைச் செயலிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் விநியோக நிறுவனத்தின் வழியாக லேபிளுக்கோ நேரடியாகக் குழுவுக்கோ வரும். வரி, மெட்டுப் பங்கை வாங்கித் தருவதற்கு ஐபிஆர்எஸ் என்ற சங்கம் இருக்கிறது. 1969இல் தொடங்கிய அதில் பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் இசைப் பதிப்பாளர்களும் உறுப்பினர்கள். ஒலிப்பதிவுகளைக் கடைகளிலும் ஓட்டல்களிலும் ஒலிக்க விடுவதற்கான கட்டணத்தை வசூலிக்க 1941இல் தொடங்கிய பிபிஎல் என்ற நிறுவனம் இருக்கிறது. கோயில் திருவிழாச் சடங்கிலும் கல்யாண ஊர்வலத்திலும் பாட்டுப் போடுவதைச் சட்டம் மீறலாகக் கருதவில்லை என்பதால், ஊர்ப் பெரியவர்கள் அதற்கெல்லாம் பயப்பட வேண்டியதில்லை.

எழுதுபவர் சங்கத்தில் உறுப்பினராகவே இல்லை என்றால் அவர் பங்கு அவரைத் தேடி வராது. சொந்தமாகப் பாட்டு எழுதும் பல ஆசிரியர்கள் விநியோக நிறுவனத்தில் பாட்டை ஏற்றியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு பக்கத்துப் பணம் மட்டுமே வருகிறது, மறுபக்கம் இருப்பதே தெரியவில்லை.

முன்பணம் பற்றியும் ஒரு சொல். லேபிள் ஒன்று பாடகருக்கு முன்பணம் கொடுத்தால், அது அவருடைய வருங்கால ராயல்டியிலிருந்து கழிக்கப்படும். கழிந்து முடியும்வரை அவருக்கு அறிக்கை வரும், காசு வராது. இதில் ஏமாற்று ஏதும் இல்லை, ஒப்பந்தத்தின் இயல்பே அதுதான். எந்தெந்தச் செலவை அதில் சேர்த்துக் கழிக்கலாம் என்று எழுதியிருக்கும் பத்தியைத்தான் உற்றுப் படிக்க வேண்டும். வீடியோ எடுத்த செலவும் விளம்பரச் செலவும் அதில் சேர்ந்திருந்தால் முன்பணம் எளிதில் கழியாது.

அட்டவணையில் ஒரு வரி

நிர்வாகி என்றால் பெரிய மேசையில் உட்கார்ந்து ஒப்பந்தம் பேசுபவர் என்று தோன்றும். பேசுவார்தான். ஆனால் அந்தத் தொழிலின் உயிர் ஒரு அட்டவணையில் இருக்கிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வரி: பாட்டின் பெயர், மொழி, பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், லேபிள், பதிவான ஆண்டு, முதலில் வெளியான நாள், ஒலிப்பதிவின் அடையாள எண். செயலியின் கணினிக்குப் பாட்டின் அழகு தெரியாது, இந்த வரி மட்டுமே தெரியும். வரியில் பிழை இருந்தால் பணம் வழிதவறிவிடும்.

எல்லை ஊர்ப் பாட்டுகளில் பிழை எங்கே வருகிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால் வரும். கேரளப் பள்ளிச் சான்றிதழ்களில் பெரும்பாலும் பின்னால் வரும். ஆகவே ஒரே பாடகி, கோவையில் பதிவான பாட்டில் தலைப்பெழுத்து முன்னால் உள்ளவராகவும், பாலக்காட்டில் பதிவான பாட்டில் பின்னால் உள்ளவராகவும், நண்பர் ஏற்றிய மூன்றாவது பாட்டில் தலைப்பெழுத்தே இல்லாமல் ஊர்ப்பெயரோடும் நிற்கிறார். செயலியில் அவருக்கு மூன்று பக்கங்கள் உண்டாகின்றன. ஒரு பாட்டை விரும்பிக் கேட்டவருக்கு மற்ற இரண்டும் கண்ணில் படுவதில்லை. ராயல்டி அறிக்கையிலும் அவர் மூன்று பேர். வங்கிக் கணக்கோ ஒருவருக்குத்தான் இருக்கிறது.

மொழிக் கட்டமும் அப்படித்தான். குழுவின் முகவரி கேரளம் என்று பார்த்தவுடன் யாரோ ஒருவர் 'மலையாளம்' என்று குறித்துவிடுகிறார். செயலி அந்தத் தமிழ்க் கும்மியை மலையாளப் பாட்டு கேட்பவர்களுக்குப் பரிந்துரைக்கிறது. அவர்கள் 30 வினாடிக்குள் தாண்டிப் போகிறார்கள். விரும்பிக் கேட்கக்கூடிய பொள்ளாச்சிக்காரருக்கும் உடுமலைக்காரருக்கும் அது போய்ச் சேர்வதே இல்லை. பாட்டில் குறை இல்லை, கட்டத்தில் ஒரு சொல் தவறிவிட்டது, அவ்வளவுதான்.

அடையாள எண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஐஎஸ்ஆர்சி என்ற அந்தக் குறியீட்டில் எழுத்தும் எண்ணுமாக 12 இடங்கள் உண்டு. முதல் இரண்டு நாட்டைக் குறிக்கும். அடுத்த மூன்று பதிவு செய்தவரை. அடுத்த இரண்டு ஆண்டை. கடைசி ஐந்து அந்தப் பதிவின் வரிசை எண். ஒரு ஒலிப்பதிவுக்கு வாழ்நாள் முழுவதும் ஒரே எண். அதே பதிவைத் தொகுப்பு ஒன்றில் மறுபடி வெளியிட்டாலும் பழைய எண்தான். புதிதாகப் பாடிப் பதிவு செய்தால்தான் புதிய எண். விநியோக நிறுவனத்தை மாற்றும்போது பழைய எண்ணைச் சொல்லாமல் விட்டு, புதிய எண் வாங்கிக்கொள்பவர்கள் பலர். செயலி அதைப் புதிய பாட்டு என்று நினைத்துக் கேட்பு எண்ணிக்கையைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். சேர்த்த கேட்பாளர்களின் தடமெல்லாம் போய்விடும்.

தமிழும் மலையாளமும் ஒருசேரப் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு இந்த அட்டவணையில் உள்ள மதிப்பை எவ்வளவு சொன்னாலும் தகும். இரண்டு வழக்கத்திலும் பெயர் எப்படி எழுதப்படும் என்று அறிந்தவர், ஊர்ப்பெயர் எது ஆள்பெயர் எது என்று பார்த்தவுடன் சொல்பவர், எந்த அடி மரபு, எந்த அடி புதிது என்று காதிலேயே பிரிப்பவர் பெருநகர அலுவலகங்களில் எளிதில் கிடைப்பதில்லை. சித்தூர் வட்டத்துப் பிள்ளைகளுக்கு அது பிறப்பிலேயே வந்திருக்கிறது.

கேசட்டிலிருந்து செயலி வரை

எலப்புள்ளியில் 1928இல் பிறந்த எம்.எஸ். விஸ்வநாதனும், சித்தூரில் 1934இல் பிறந்த பாடகி பி. லீலாவும் பாட்டுக்காகச் சென்னை போக வேண்டியிருந்தது. ஒலிப்பதிவுக் கூடங்களும் பட நிறுவனங்களும் அங்கே இருந்தன. கேசட் வந்ததும் வணிகம் பரவியது. 1980இல் கே.ஜே. யேசுதாஸ் திருவனந்தபுரத்தில் தரங்கிணி இசை நிறுவனத்தைத் தொடங்கினார். டெல்லியில் பழச்சாறுக் கடைக் குடும்பத்தில் பிறந்த குல்ஷன் குமார் 1983இல் தொடங்கிய டி-சீரிஸ், மலிவு விலைக் கேசட்டில் வளர்ந்து, பின்னாளில் யூடியூபிலேயே அதிகச் சந்தாதாரர் கொண்ட சேனலாகச் சில ஆண்டுகள் இருந்தது. கேசட் காலத்து நிர்வாகியின் கவலை சரக்கு பற்றியது: எத்தனை அச்சிட்டோம், எத்தனை விற்றது, எத்தனை திரும்பி வந்தது.

1999இல் நாப்ஸ்டர் வந்து பாட்டைக் காசில்லாமல் பகிர வைத்தபோது உலகெங்கும் அந்தக் கணக்கு நொறுங்கியது. நீதிமன்றம் அதை 2001இல் நிறுத்த வைத்தாலும், கேட்பவர்களின் பழக்கத்தை நிறுத்த முடியவில்லை. 2003இல் ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை ஒரு பாட்டை 99 சென்ட்டுக்குத் தனியாக விற்றது. 2008இல் ஸ்பாட்டிஃபை ஐரோப்பாவில் வெளிவந்து, விற்பதற்குப் பதிலாகக் கேட்க விட்டது.

இந்தியாவில் நடுவே ஒரு விசித்திரமான கட்டம் இருந்தது. யாரையாவது போனில் அழைத்தால் மணிக்குப் பதிலாகப் பாட்டு ஒலிக்குமே, அந்தக் காலர் டியூன்தான் இசை நிறுவனங்களுக்குப் பல ஆண்டுகள் டிஜிட்டல் வருவாயைத் தந்தது. கேட்காமலே பணம் பிடிக்கிறார்கள் என்ற புகார்கள் பெருகியதால், சந்தாதாரரிடம் இருமுறை உறுதி வாங்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. அந்த வருவாய் சரிந்தது. 2016இல் ஜியோ வந்து இணையக் கட்டணம் விழுந்தபோது செயலிகளின் காலம் தொடங்கியது. சாவன் என்ற இசைச் செயலி 2018இல் ஜியோ மியூசிக்கோடு இணைந்து ஜியோசாவன் ஆனது. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. ஏர்டெல்லின் விங்க் 2014இல் தொடங்கி, 2024இல் மூடப்பட்டது.

இந்த வரலாற்றில் ஒரு வழக்கை மட்டும் தனியாக எடுத்துச் சொல்கிறேன், ஏனென்றால் நிர்வாகியின் வேலைக்கு அது எவ்வளவு பலம் தந்தது என்பது அதில் தெரியும். வானொலியும் தொலைக்காட்சியும் உரிமையாளரின் சம்மதம் இல்லாமலே நிர்ணயித்த கட்டணம் கட்டிப் பாட்டு ஒலிபரப்ப, சட்டத்தின் 31டி பிரிவு வழி தருகிறது. இணையச் செயலிக்கும் அது பொருந்துமா என்று டிப்ஸ் என்ற இசை நிறுவனமும் விங்க் செயலியும் மோதின. பொருந்தாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. 2022இல் இரு நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. செயலி நடத்துபவர் ஒவ்வொரு லேபிளோடும் உட்கார்ந்து பேசி விலை முடிவு செய்தாக வேண்டும். அந்த மேசையில் இரண்டு பக்கமும் உட்காருபவர்கள் நாம் பேசிக்கொண்டிருக்கும் நிர்வாகிகள்தான்.

எப்படி அங்கே போகிறார்கள்

ஒரே பாதை கிடையாது. அமெரிக்கரான கிளைவ் டேவிஸ் ஹார்வர்டில் சட்டம் படித்தவர். 1960இல் கொலம்பியா ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் சட்டப் பிரிவில் சேர்ந்து, 1967இல் அதன் தலைவரானார். ஒப்பந்தம் எழுதத் தெரிந்த கை, பிறகு பாடகர்களைத் தேர்ந்தெடுக்கும் காதாகவும் மாறியது. பிரிட்டனின் லூசியன் கிரெய்ஞ்ச் 1970களின் இறுதியில் புதுத் திறமைகளைத் தேடி அலையும் கடைநிலை வேலையில் தொடங்கி, 2011இல் யுனிவர்சல் மியூசிக் குழுமத்தின் தலைவரானார்.

எனக்கு மிகவும் பிடித்தது லியோர் கோஹனின் கதை. 1980களில் ரன் டிஎம்சி என்ற ராப் குழுவின் பயண மேலாளராக இருந்தார். ஊர் ஊராகக் குழுவோடு போய், தங்குமிடம் பார்த்து, நிகழ்ச்சிக்காரரிடம் பணத்தை எண்ணி வாங்கும் வேலை. அங்கிருந்து டெஃப் ஜாம் லேபிளின் தலைவர், 2004 முதல் வார்னர் மியூசிக் குழுமத்தில் உயர் பொறுப்பு, பிறகு சொந்த லேபிள். 2016இல் யூடியூபின் உலக இசைப் பிரிவுத் தலைவர். மேடைக்குப் பின்னால் நின்றவர் லேபிளுக்குள் போனார். லேபிளில் இருந்தவர் மென்பொருள் நிறுவனத்துக்குப் போனார். கலைஞருக்கு எது வலிக்கும், லேபிளுக்கு எது வலிக்கும், செயலிக்கு எது வலிக்கும் என்று மூன்று பக்கமும் தெரிந்தவருக்குத்தான் இந்தத் துறையில் மதிப்பு. கும்மிக் குழுவுக்கு வேன் பேசி, சாப்பாடு ஏற்பாடு செய்து, விழாக் கமிட்டியிடம் பணம் வாங்கித் தரும் தம்பிகள் நம் ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் செய்துகொண்டிருப்பது இந்தத் தொழிலின் முதல் படியை.

இன்று நுழைவதற்கு அகலமான கதவு உள்ளடக்கப் பிரிவு, அதாவது மேலே சொன்ன அட்டவணை வேலை. பி.காம் படித்தவருக்கு ராயல்டி கணக்குப் பிரிவு உண்டு. சட்டம் படித்தவருக்கு உரிமப் பிரிவு. புள்ளிவிவரம் படித்தவருக்கு, எந்த ஊரில் எந்தப் பாட்டு எந்த நேரத்தில் கேட்கப்படுகிறது என்று பார்க்கும் பிரிவு. காது கூர்மையானவருக்குப் புதிய கலைஞர்களைத் தேடும் பிரிவு. சென்னையிலும் கொச்சியிலும் மும்பையிலும் அலுவலகங்கள் இருந்தாலும், அட்டவணை வேலையின் ஒரு பகுதியை வீட்டிலிருந்தே செய்ய முடிகிறது.

நாட்காட்டி பார்க்கத் தெரிவதும் தகுதியே. கார்த்திகை முதல் தேதி ஐயப்பன் பாட்டு கேட்கப்பட வேண்டும் என்றால், ஐப்பசி தொடக்கத்திலேயே பதிவும் அட்டவணையும் தயாராகி, செயலிகளில் பாட்டுகளைத் தேர்ந்து பட்டியலிடும் குழுவுக்குப் பரிந்துரை போயிருக்க வேண்டும். மண்டல காலம் 41 நாள். அது தொடங்கிய பிறகு வரும் பாட்டுக்கு அந்த ஆண்டு கதவு பாதி சாத்தியாகிவிடும். தைப்பூசத்துக்கு முருகன், ஆடிக்கு அம்மன், ஓணத்துக்கு மலையாளம் என்று இரண்டு மொழி நாட்காட்டியையும் ஒருவரே கையில் வைத்திருப்பது எல்லைப்புறத்தில்தான் இயல்பாக நடக்கும். பக்திப் பாட்டுக்கு இன்னொரு வலிமை: திரைப்பாட்டு சில மாதங்களில் ஆறிவிடும், நல்ல ஐயப்பன் பாட்டு ஒவ்வொரு கார்த்திகைக்கும் உயிர்த்தெழும். சிறிய லேபிள்கள் பிழைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தத் தொழிலைப் பழக நினைக்கும் ஒருவர் வேலை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஊரில் அடுத்து ஒலிப்பதிவுக்குப் போகும் குழுவோடு போய், ஒரே ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். துறையில் அதைப் பங்கீட்டுத் தாள் என்கிறார்கள். பதிவுக்கு முன் எழுத வேண்டும், பாட்டு ஓடிய பிறகு எழுத உட்கார்ந்தால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். பாட்டின் பெயர், எந்த அடிகள் மரபு, எந்த அடிகள் யார் எழுதியவை, மெட்டு யாருடையது, யார் யார் பாடினார்கள், தவில் யார், பதிவுச் செலவு யாருடையது என்று எழுதுங்கள். அதன் கீழே இரண்டு தனிக் கட்டங்கள் வரையுங்கள். ஒன்றில் ஒலிப்பதிவின் பங்கு யாருக்கு எத்தனை சதவீதம். மற்றதில் வரிகளுக்கும் மெட்டுக்கும் யாருக்கு எத்தனை. இரண்டும் தனித்தனியே நூறாகக் கூட வேண்டும். ஒவ்வொருவர் பெயரையும் வங்கிப் புத்தகத்தில் உள்ளபடியே எழுதி, தலைப்பெழுத்து முன்னாலா பின்னாலா என்பதை ஒருமுறை கேட்டுக்கொண்டு, தேதியிட்டு, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி ஆளுக்கொரு நகல் கொடுங்கள். ஐஎஸ்ஆர்சி எண் வந்ததும் அதே தாளில் சேர்த்து எழுதிக்கொள்ளலாம்.